பழைய குற்றப் பதிவு உள்ள ஒருவரை வேலைக்கு எடுத்தால் மானியம் போய்விடுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் எங்கள் சங்கம் சமூக மேம்பாட்டுத் துறையின் மானியத்தில் முதியோர் வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறது. வேன் ஓட்ட ஒரு தம்பியைத் தேர்ந்தெடுத்தோம். கடையில் திருடியதாக 2011 மார்ச்சில் 1,500 ராண்ட் அபராதம் கட்டியவர். அவரை வைத்துக்கொண்டால் மானியம் நின்றுவிடும் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் துறையோடு நீங்கள் கையெழுத்திட்ட சேவை ஒப்பந்தத்தை எடுத்து, ஊழியர் சரிபார்ப்பு பற்றிய பகுதியை வரி விடாமல் படியுங்கள். சரிபார்க்க வேண்டும் என்பது வேறு, குற்றப் பதிவு உள்ள யாரையும் எடுக்கக் கூடாது என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல ஆட்கள் வாசலோடு திரும்பிப் போகிறார்கள்.

உங்கள் வேலைக்குக் கட்டாயம் பார்க்க வேண்டிய பதிவேடுகள் இரண்டு. ஒன்று, 2006-ஆம் ஆண்டின் முதியோர் சட்டப்படி, முதியவர்களைக் கொடுமை செய்து தண்டிக்கப்பட்டவர்களின் பதிவேடு. மற்றொன்று தேசியப் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு. மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பும் நடத்துகிறீர்கள் என்றால், குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியும் சேரும். இவற்றில் பெயர் இருந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. அந்த வேலை கொடுக்க முடியாது. பல ஆண்டுக்கு முந்தைய கடைத்திருட்டு இந்த வகையில் வராது.

அடுத்து, அந்தக் குற்றத்துக்கும் இந்த வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள். சட்டமே அப்படித்தான் கேட்கிறது. பயணிகளை ஏற்றும் ஓட்டுநருக்கான அனுமதிக்கு அது பார்ப்பது குடித்துவிட்டு ஓட்டியது, கண்மூடித்தனமாக ஓட்டியது, வன்முறை கலந்த குற்றம் ஆகியவற்றைத்தான். அதுவும் கடந்த 5 ஆண்டுக்குள் நடந்தவற்றை மட்டும். வேனில் பணம் வசூலிக்கும் பொறுப்பும் இருந்தால் திருட்டைப் பற்றிக் கேட்பதில் நியாயம் உண்டு. சாப்பாட்டு டப்பாவை வீடு வீடாக இறக்கிவிட்டு வருபவரிடம் அந்தக் கேள்விக்கு எடை குறைவு. வேலைக்குச் சம்பந்தமில்லாத பழைய பதிவைக் காட்டி வாய்ப்பைத் திரும்பப் பெற்றது நியாயமற்ற பாகுபாடு என்று தொழிலாளர் நீதிமன்றம் 2024-ல் தீர்ப்பளித்திருக்கிறது. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சிறிய சங்கங்களையும் விடாது. வேலை கேட்டு வருபவருக்கும் அது பாதுகாப்பு.

பதிவை அழிக்கவும் வழி இருக்கிறது. அபராதம் 20,000 ராண்டுக்குள் இருந்து, குற்றவாளி என்று தீர்ப்பான நாளிலிருந்து 10 ஆண்டு கழிந்திருந்தால் (அபராதம் கட்டி முடித்த நாளிலிருந்து அல்ல, பலர் இங்கேதான் தவறுகிறார்கள்) குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 271பி பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். இடையில் அபராதம் என்ற மாற்று இல்லாத சிறைத் தண்டனை எதுவும் பெற்றிருக்கக் கூடாது. இந்தத் தம்பிக்கு 2021 மார்ச்சிலேயே தகுதி வந்துவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனிலேயே அபராதம் கட்டியவர்கள் "கோர்ட்டுக்கே போகவில்லையே, என் மேல் எதுவும் இருக்காது" என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அதுவும் தண்டனையாகவே பதிவானது.

விண்ணப்பிக்க, முதலில் அவர் போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை கொடுத்து, தன் குற்றப் பதிவைக் காட்டும் கிளியரன்ஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. சான்றிதழ் வந்ததும் அதில் குற்றம், தீர்ப்பு நாள், தண்டனை மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஜே744 படிவம் வாங்கி நிரப்பி, சான்றிதழோடு பிரிட்டோரியாவில் நீதித்துறைத் தலைமை இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். இதற்குக் கட்டணமில்லை, 'நாங்களே முடித்துத் தருகிறோம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் போக வேண்டாம். அழிப்புச் சான்று போலீஸ் குற்றப் பதிவு மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் 21 வேலை நாளுக்குள் பதிவை எடுத்துவிட வேண்டும். அதுவரை வேலையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. சான்றிதழ் கைக்கு வந்ததும் யாராவது அதைப் போட்டோ எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குற்ற விவரம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறப்புப் பாதுகாப்பு பெற்றது. அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், இரண்டு பேர் மட்டும் பாருங்கள், பூட்டிவையுங்கள்.

அடுத்த மானிய விண்ணப்பத்தில் இப்படி எழுதிவிடுங்கள்: "சட்டம் கேட்கும் பதிவேடுகளை எல்லா ஊழியருக்கும் சரிபார்ப்போம், மற்றப் பதிவுகளை வேலையோடுள்ள தொடர்பு, கழிந்த காலம், அவர் தரும் விளக்கம் ஆகியவற்றை வைத்து முடிவு செய்து, காரணத்தைக் குறித்துவைப்போம்." மானியம் தருபவருக்கும் இது தெளிவு. அதிகாரி அப்போதும் மறுத்தால் வாய்மொழியோடு விடாதீர்கள். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வரும்வரை அந்தத் தம்பியின் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வையுங்கள்.