பலூபேயின் பேத்தியை வாங்கலாமா?

கேள்வி: தடை தாண்டும் போட்டிகளுக்கான குட்டிகளைப் பெறுவதற்காக 12 வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். அதன் தந்தைவழித் தாத்தா பலூபே து ரூவே என்கிறார் தரகர். ஆனால் அது ஒருமுறைகூடப் போட்டியில் இறங்கியதில்லை. தாய்வழியில் நான் கேள்விப்பட்ட பெயர் ஒன்றும் இல்லை. நம்பி வாங்கலாமா?

பதில்: பெரிய பெயர்தான், மறுப்பதற்கில்லை. 1998 முதல் 2000 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தடை தாண்டும் உலகக் கோப்பை இறுதிச் சுற்றை வென்று, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிரேசில் வீரர் ரொட்ரிகோ பெசோவாவுக்குத் தனிநபர் தங்கத்தையும் பெற்றுத் தந்த குதிரை அது. ஆயினும் அந்தப் பெயருக்காக நீங்கள் ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். தாத்தாவின் பங்கு பேத்தியிடம் ஏறத்தாழ நான்கில் ஒன்று; நீங்கள் எதிர்பார்க்கும் குட்டியிடம் எட்டில் ஒன்றுதான். உறைநிலை விந்து வந்த பிறகு, புகழ்பெற்ற பொலிகுதிரை ஒன்றுக்குக் குட்டிகள் நூற்றுக்கணக்கில் பிறக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சாதாரணக் குதிரைகளாகவே வாழ்ந்து முடிகின்றன.

தாய்வழியைப் பாருங்கள் என்று சொல்வது அதில் ஏதோ மந்திரம் இருப்பதால் அன்று. பெட்டை ஈனும் குட்டிகள் குறைவு. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, இந்தக் குடும்பம் எதைத் தருகிறது என்று ஓரளவு அறிய முடியும். ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் பகுதி வளர்ப்போர் தாய்வழிக் குடும்பங்களுக்கு எண்ணிட்டுக் காத்துவருவது இதற்காகத்தான். பலூபேயின் தந்தை கலூபே என்பதைத் தரகர் எவரும் ஒப்பிப்பார். பலூபேயை ஈன்ற மெசாஞ்ச் து ரூவேயின் பெயரைக் கேட்டால் பலருக்கும் நா எழாது.

விற்பனைத் தாளில் "அரைச் சகோதரி" என்ற சொல்லைக் கண்டால் எச்சரிக்கையாகுங்கள். குதிரை வளர்ப்பில் ஒரே தாய் ஈன்றவை மட்டுமே அரை உடன்பிறப்புகள். தந்தை மட்டும் ஒன்றாக இருந்தால் அந்த உறவு கணக்கில் வராது. இதைத் தெரிந்துகொண்டே மாற்றி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். "பாட்டி 1.60 மீட்டர் தாண்டும் குதிரையை ஈன்றது" என்பதும் அப்படிப்பட்ட பாதி உண்மைதான்: மொத்தம் எத்தனை குட்டிகளை ஈன்றது என்ற எண் அந்த வாக்கியத்தில் இருக்காது. மூன்றில் இரண்டு என்றால் அது குடும்பம். பதினான்கில் ஒன்று என்றால் அது தற்செயல். கருமாற்று முறையில் ஒரே ஆண்டில் ஒரு பெட்டைக்குப் பல குட்டிகள் பிறக்கக்கூடும் என்பதால், வாடகைத் தாய்கள் சுமந்தவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

போட்டியில் இறங்காததை மட்டும் குற்றமாகக் கொள்ளாதீர்கள். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். தாய்வழியை மதிக்கும் வளர்ப்போர் சிலர், தங்களிடமுள்ள மிக நல்ல பெட்டையை விற்க மனமின்றி, மூன்று வயதிலேயே ஈனவிட்டுவிடுகிறார்கள். அது சேணம் காணாமலே முதிர்ந்துவிடுகிறது. சில பெட்டைகள் மேய்ச்சல் வெளியில் அடிபட்டுக் கால் ஊனமடைகின்றன. அந்தத் தழும்பு குட்டிக்குப் போகாது. ஆனால் மூட்டுக் குருத்தெலும்புக் கோளாற்றால் ஒதுக்கப்பட்டிருந்தால் கதை வேறு, ஏனெனில் அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. எனவே "ஏன் இறங்கவில்லை?" என்று கேட்டு, வரும் பதிலைக் கால்களின் எக்ஸ்ரே படங்களோடு ஒப்பிடுங்கள். "வாய்ப்பு அமையவில்லை" என்பது பதில் ஆகாது. மறுபுறம், போட்டியில் வென்ற பெட்டை ஈனுவதிலும் சிறந்ததற்குச் சான்று வேண்டுமானால் ரட்டினா சட் இருக்கிறது: 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தனிநபர் வெள்ளியும் அணித் தங்கமும், 1996 அட்லாண்டாவில் அணித் தங்கமும் பெற்ற அதே பெட்டைதான் கம் இல் ஃபோ என்ற பொலிகுதிரைக்குத் தாய்.

இவற்றையெல்லாம் சரிபார்ப்பது எளிதாக இருந்திருக்க வேண்டும். இனப்பதிவேட்டில் பதிவாகும் குதிரைகளுக்குப் பொதுவாக வாழ்நாள் முழுவதும் மாறாத 15 இலக்க அடையாள எண் ஒன்று இருக்கிறது. இருந்தும் என்ன பயன்? உரிமையாளர் மாறினால் போட்டிப் பெயர் மாறுகிறது, புரவலர் வந்தால் முன்னொட்டு சேர்கிறது, ஈன்ற தாயின் பெயர் முடிவுப் பட்டியலிலிருந்து காணாமல் போகிறது. இனப்பதிவேடுகளோ தத்தம் கணக்கைத் தத்தம் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு, வாங்குபவரைத் தேட விட்டுவிடுகின்றன.

ஆகவே தரகரைத் தாண்டி, அந்த 15 இலக்க எண்ணைக் கொண்டு, பெட்டை பதிவாகியுள்ள இனப்பதிவேட்டு அலுவலகத்துக்கே எழுதி, தாயும் தாய்வழிப் பாட்டியும் ஈன்ற குட்டிகள் அனைத்தின் பட்டியலையும் கேளுங்கள். இந்தப் பெட்டையே ஏற்கெனவே ஈன்றிருந்தால், அக்குட்டிகளை நேரில் பார்ப்பது எந்தத் தாளையும்விட மேல். பிடரி மயிரின் வேர்களை அனுப்பி, பெற்றோரை உறுதிசெய்யும் மரபணுச் சோதனையும், வார்ம்பிளட் எனும் போட்டிக் குதிரை இனங்களின் குட்டிகளைக் கொல்லும் தோல் நொய்மை நோய்க்கான சோதனையும் செய்துகொள்ளுங்கள்; அந்நோயின் மரபணுவைத் தாய், தந்தை இரண்டுமே சுமந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு நோய் வரும் வாய்ப்பு உண்டு. பட்டியல் வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். நாளைக்கு வேறொருவர் வாங்க வருகிறார் என்று தரகர் சொன்னால், அவர் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும்.