போதையில் செய்த செயலுக்கு ஒருவர் பொறுப்பாவாரா?

சுயவிருப்பம் என்பது, ஒரு செயலின் தன்மையை அறிந்து, அதைச் செய்யவும் செய்யாமல் விடவும் இயன்ற நிலையில் நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல். அந்த ஆற்றல் இருந்த அளவுக்கே பொறுப்பும் உண்டு என்றால், அறிவு மழுங்கிய நேரத்தில் அவர் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லையே என்று வாதிடலாம் அல்லவா?

இந்தியச் சட்டம் தரும் விடை நுட்பமானது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 85-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவாகத் தொடரும் விதியின்படி, ஒருவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டு, தாம் செய்வது இன்னதென்றோ தவறென்றோ அறிய இயலாத நிலையில் அவர் செய்தது குற்றமாகாது. தாமே விரும்பிக் குடித்தவருக்கு இந்த விலக்குக் கிடையாது; அவருடைய தேர்வு முதல் கோப்பையை எடுத்தபோதே நிகழ்ந்துவிட்டது.

அடுப்பில் பாலை ஏற்றிவிட்டுத் திண்ணைக்குப் பேசப் போனவர், பொங்கியபோது தாம் அங்கே இல்லை என்று சொன்னால் வீட்டில் யாரும் ஏற்பதில்லை. (வீட்டு நீதி பெரும்பாலும் சட்டத்தைவிடக் கண்டிப்பானது.)

நண்பர்கள் வற்புறுத்தினார்கள் என்றாலே அது ‘விருப்பத்துக்கு மாறாக’ ஆகிவிடும் எனப் பலர் எண்ணுகிறார்கள். மறுக்க வழியிருந்தும் இணங்கிக் குடித்தால், அது விரும்பிக் குடித்ததாகவே கொள்ளப்படும்.