அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேள், தம்பி

பேட்டை ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டு ஷார்ஜாவுக்குக் கிளம்பப் போவதாக எழுதியிருக்கிறாய். சம்பளம் 1,800 திர்ஹாம், “வெயில் தாங்குமா அண்ணாச்சி, நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா, என்ன துணி எடுத்து வரலாம்?” என்று கேட்கிறாய். வெயில் பழகிவிடும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சாப்பாட்டுக்கும் துணிக்கும் இங்கே குறைவில்லை. நீ கேட்காமல் விட்ட ஒன்றுதான் என்னை உறுத்துகிறது: அந்த 1,800-இல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?

1999-இல் நான் வீரவநல்லூரிலிருந்து திருவனந்தபுரம் போய் விமானம் ஏறியபோது, என்னிடமும் மொத்தத் தொகையை மட்டுமே சொன்னார்கள். 1,200 திர்ஹாம். கையெழுத்துப் போட்ட தாளில் அடிப்படை 500, மீதி சாப்பாட்டுப் படி, இதர படி என்று இருந்தது. கைக்கு வருவது 1,200 தானே என்று விட்டுவிட்டேன். எட்டு ஆண்டுகள் கழித்து விலகும்போதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. பணிக்கொடை முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள். எல்லாமே அடிப்படைச் சம்பளக் கணக்கு. எனக்குக் கிடைத்தது 3,250 திர்ஹாம். அதே 1,200-இல் அடிப்படை 900 என்று எழுதி வாங்கியிருந்த என் அறைத்தோழர், திருச்சூர்க்காரர், அதே எட்டு ஆண்டுகளுக்கு 5,850 வாங்கினார். தங்கை கல்யாணக் கடன் பாக்கியிருந்த நேரம் அது. அந்த வித்தியாசத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஓவர்டைமும் அப்படித்தான். கூடுதல் நேரத்துக்கு 25 சதவீதம், இரவு 10 முதல் காலை 4 மணி வரை என்றால் 50 சதவீதம் கூட்டித் தரவேண்டும். அதையும் அடிப்படையை வைத்தே கணக்கிடுவார்கள். ஏ.சி. வேலையில் கோடை முழுக்க ஓவர்டைம்தான். அடிப்படை சிறுத்தால் உன் உழைப்பு அத்தனையும் சிறுத்துவிடும்.

விசிட் விசாவில் வா, வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் கிளம்பாதே. பதிவு பெற்ற ஏஜென்ட் உன்னிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். பாஸ்போர்ட்டை எந்த முதலாளியிடமும் விட்டுவைக்காதே.

லீவில் ஊருக்கு வரும் நம் ஆட்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அத்தரும் கோடாலித் தைலமும் தெருவுக்கே கொடுப்பார்கள். ஒப்பந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். சம்பள விவரத்தைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மலையாளிகள் அப்படியில்லை. அறைக்குப் புதிதாக ஒருவன் வந்தால் முதல் இரவே அவன் தாளை வாங்கிப் படித்துவிடுவார்கள். அதனால்தான் நான் நம் ஊர்க்காரர்களோடு மட்டும் ஒட்டிக்கொள்ளாமல் அவர்களோடு தங்கினேன். ஆறே மாதத்தில் மலையாளம் வந்துவிட்டது, பிறகு இந்தி. இன்று அரபியில் எழுதிய அறிவிப்பைக்கூட எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன்.

அந்த அறையில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை விடுமுறை, சமையல் முறை வைத்துச் செய்வோம். என் முறை வரும்போது தொலி உளுந்து போட்டு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் வைப்பேன். முதல் தடவை சோற்றின் நிறத்தைப் பார்த்து யாரும் தொடவில்லை. திருச்சூர்க்காரர்தான் ஒரு வாய் வைத்தார். பிறகு சட்டியை வழித்தார்கள். விலகிய ஆண்டில் அவர்தான் என்னை உட்காரவைத்து, புது வேலையின் தாளை வரி வரியாக வாசித்துக் காட்டி, அடிப்படை எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கச் சொன்னார். கேட்டேன், தந்தார்கள்.

உனக்கு ஆஃபர் லெட்டர் வந்ததும், கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்பு. நான் வாசித்துச் சொல்கிறேன்.