டப்பா சொல்லாததை வாய் சொல்லும்

கேள்வி: ஈரல் கொழுப்பைக் கரைக்கும் ரஷ்ய பெப்டைடு கேப்சூல், 60 எண்ணம் 8,400 ரூபாய் என்கிறார் நண்பர். வாங்கலாமா? (கும்பகோணம்)

பதில்: வேண்டாம். லெனின்கிராடில் ராணுவ மருத்துவர் விளாதிமிர் ஹவின்சன் குழு 1970களில் தொடங்கிய வேலை இது. கன்றின் உறுப்புகளிலிருந்து பெப்டைடு என்னும் புரதத் துணுக்குகளைப் பிரித்தார்கள். ஈரலுக்கு ஈரல், இரைப்பைக்கு இரைப்பை என்பது கணக்கு. ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலானவை அவர்கள் வட்டத்திலேயே வந்தவை.

எனக்கு ஆத்திரம் இந்த மாதிரி சத்து மாத்திரை டப்பாக்கள் மேல்தான். முன்பக்கம் பளபளவென்று ஈரல் படம். பின்பக்கம், பார்கோடுக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. சத்து மாத்திரையில் அந்த வரி இருந்தே ஆக வேண்டும்; நோய் தீரும் என்று போடவே கூடாது. அதனால்தான் டப்பா சொல்லாததை விற்கிறவர் வாயால் சொல்கிறார். இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் முகவரி, எம்.ஆர்.பி., உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் எல்லாம் வேண்டும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் ரஷ்ய எழுத்து மட்டும்தான் இருக்கிறது.

கூடுதல் எடை இருந்தால் மொத்த உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறையுங்கள். ஈரல் கொழுப்பு இறங்கும். 80 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு கிலோ. டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். இந்த ரஷ்ய கேப்சூலைச் சாப்பிடலாமா? (மன்னார்குடி)

பதில்: ‘இயற்கை’ என்று போட்டிருந்தால் அது கன்றின் ஈரல்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் இலவச ஈரல் முகாம். அப்பா கையில் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, ரிப்போர்ட் அடித்துக் கொடுத்து, குறுவை நெல் விற்ற பணத்தில் கேப்சூலுக்கு என்று 22,000 வாங்கிக்கொண்டார்கள். இப்போது போன் எடுப்பதில்லை. (திருவாரூர் பக்கம்)

பதில்: அப்பாவைத் திட்டாதீர்கள். வாசலில் பன்னீர் தெளித்து உட்கார வைத்தால் யாரும் ஏமாறுவார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா என்று முதலில் கேளுங்கள். நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரிடம் போங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் ஊரிலிருந்தே மனு போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜிபே ரசீது, மண்டப நோட்டீஸ், அந்த ரிப்போர்ட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: ரொக்கம் கொடுத்தேன், பில் இல்லை, டப்பாவையும் போட்டுவிட்டேன். பணம் வருமா? (மயிலாடுதுறை)

பதில்: வராது. போன வருடம் மிக்சிக்கும் இதையேதான் எழுதியிருந்தீர்கள்.

கேள்வி: பாதத்தில் ஒட்டினால் ஈரல் கழிவை இழுக்குமாமே, அந்தப் பட்டை? (பட்டுக்கோட்டை)

பதில்: 900 ரூபாய்க்கு நானே வாங்கினேன். காலையில் கறுத்திருந்தது, பயந்துபோனேன். மறுநாள் புதுப் பட்டையில் குழாய்த் தண்ணீர் தெளித்தேன். அதுவும் கறுத்தது. மீதி எட்டு அலமாரியில் கிடக்கிறது.