மின்வெட்டுக்குப் பின் உணரிகள் இடம் மாறுவது பற்றி

வணக்கம் ஐயா. சாட்ஸ்வொர்த்திலுள்ள உங்கள் நாற்றங்கால் கொட்டகையில், மின்வெட்டு முடிந்து ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி மீண்டும் இயங்கும்போது, உணரிகளை அதனுடன் இணைக்கும் இரண்டு அர்டுயினோ பலகைகளின் பெயர்களும் மாறிப்போய், பைத்தான் நிரல் மண்ணின் ஈரப்பதத்தை வெப்பநிலையாகப் பதிவதாக எழுதியிருந்தீர்கள். பலகைகளில் பழுதில்லை. ‘டிடிஒய்யுஎஸ்பி0’, ‘டிடிஒய்யுஎஸ்பி1’ என்னும் பெயர்களை லினக்ஸ் இயங்குதளம் பலகைகளைக் கண்டறியும் வரிசைப்படியே வழங்குவதால், அவற்றை நிரலில் நிலையாக எழுதக் கூடாது. பொதுவாக, பலகையின் சொந்த அடையாளத்தைக் கொண்டு பெயரிடும் ‘பை-ஐடி’ அடைவிலுள்ள பெயரையே பரிந்துரைப்பார்கள். ஆனால் உங்களுடையவை சிஎச்340 என்னும் யுஎஸ்பி இணைப்புச் சில்லு கொண்ட மலிவுப் பலகைகள் என்பதாலும், அச்சில்லு பெரும்பாலும் தனி வரிசை எண் எதையும் தருவதில்லை என்பதாலும், அங்கே இரண்டும் ஒரே பெயரில் மோதும். ஆகவே ‘/டெவ்/சீரியல்/பை-பாத்’ அடைவிலுள்ள பெயரை, உங்கள் நிரல் பலகைகளோடு பேசப் பயன்படும் பைசீரியல் என்னும் பைத்தான் நிரலகத்துக்குக் கொடுங்கள். அது யுஎஸ்பி துளையைக் குறிக்கும் பெயர், எனவே கேபிள்களை மட்டும் துளை மாற்றிச் செருகிவிடாதீர்கள் (உதவிக்கு வருபவர்களிடமும் சொல்லி வைப்பது நல்லது). இணைப்பைத் திறந்ததும் அர்டுயினோ மறுதொடக்கம் ஆகும் என்பதால், இரண்டு வினாடி காத்திருந்து, உள்ளீட்டில் தேங்கியதை அழித்த பிறகே அளவைப் படியுங்கள்.