சிடி பிளேயரை ஆம்ப்ளிஃபயருடன் இணைக்க விலை உயர்ந்த ஆர்சிஏ கேபிள் தேவையா?

ஒரு மீட்டர் தூரம்தான் என்றால் தேவையில்லை. நல்ல கவசப் பின்னலும் இறுக்கமாகப் பொருந்தும் முனையும் உள்ள சாதாரண கேபிளே போதும். இங்கே ஒலியைத் தொடக்கூடியது கேபிளின் மின்தேக்குத்திறன்; மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் இந்தத் தன்மை உயர் அதிர்வெண்களைக் குறைக்கும். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கேபிளுக்கு 100 பிக்கோஃபாரட், பிளேயரின் வெளியீட்டு மின்மறுப்புக்கு (சிக்னல் வெளிவரும் வழியில் உள்ள தடைக்கு) 1,000 ஓம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சிக்னலின் திறன் பாதியாவது சுமார் 16 லட்சம் ஹெர்ட்ஸில். நம் காது எட்டுவதோ 20,000 வரைதான், அதுவும் இளவயதில்! வெள்ளிக் கம்பியும் அம்புக்குறி அச்சிட்ட உறையும் கண்ணுக்குத்தான் விருந்து.

ரெக்கார்டு பிளேயர் வேறு கதை. ஊசியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ். அதில் நகரும் காந்த வகையின் சுருளுக்கு மின்தூண்டல் அதிகம். கேபிளின் மின்தேக்குத்திறன் அதனுடன் சேர்ந்து ஒத்ததிர்ந்து, உயர் அதிர்வெண்களின் சாயலையே மாற்றிவிடும். ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்டு பிளேயரைச் செருகும் ஃபோனோ உள்ளீட்டின் மின்தேக்குத்திறனும் இதில் கூடும். எனவே கார்ட்ரிட்ஜ் கையேட்டில் உள்ள அளவைப் பார்த்து, குட்டையான கேபிளாக வாங்குங்கள்.

‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் உடனே கேபிளைப் பழிக்காதீர்கள். பல நேரம் அதற்குக் காரணம், இரு கருவிகளின் எர்த் இணைப்புகளும் கேபிளும் சேர்ந்து உருவாக்கும் மின்சுற்று வளையம். இரு கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் செருகிப் பாருங்கள். பல மீட்டர் இழுக்க வேண்டியிருந்து, இரு பக்கமும் வசதி இருந்தால், வழியில் நுழையும் இரைச்சலை நீக்கும் எக்ஸ்எல்ஆர் சமநிலை இணைப்பைத் தேர்ந்தெடுங்கள்.