கடையில் அழித்தது வீட்டிலும் போய்விட்டது, என்ன செய்வது?

மண்டபத்தில் கருவாடு வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: கடை லேப்டாப்பிலும் பாம்பன் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் சின்க்திங் (இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே ஃபைல்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் மென்பொருள்) போட்டிருக்கிறேன். கடையில் பையன் ஐப்பசிக் கணக்கு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்துவிட்டான், வீட்டிலும் காணோம். இரண்டு இடத்தில் இருந்தால் பத்திரம் என்று போட்டுக்கொடுத்தவர் சொன்னாரே, வருடம் மூவாயிரம் ரூபாயும் வாங்குகிறாரே?

முதலில் கடை லேப்டாப்பின் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். பையன் சாதாரணமாக அழித்திருந்தால் அங்கே கிடக்கும். வீட்டு மெஷினின் ரீசைக்கிள் பின்னில் தேட வேண்டாம், சின்க்திங் அழிப்பது அங்கே போகாது.

அந்த மூவாயிரத்துக்கு வருகிறேன். சின்க்திங் இலவச மென்பொருள், அதற்குச் சந்தாவே கிடையாது. வந்து போட்டுக்கொடுத்ததற்குக் கூலி கேட்டால் நியாயம், வருடா வருடம் எதற்கு? அப்புறம் இதையும் பாருங்கள்: சின்க்திங்கில் சேர்த்திருக்கும் மெஷின்களின் பட்டியலில் உங்கள் இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று இருந்தால் உடனே நீக்குங்கள், உங்கள் கொள்முதல் விலையெல்லாம் யாரோ ஒருவர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வைப்பதுதான் சின்க்கின் வேலை. இங்கே அழித்தால் அங்கேயும் அழிக்கும், அது சொன்னபடிதான் செய்திருக்கிறது. பழைய பிரதியை எடுத்துவைக்கும் வசதி உண்டு, ஆனால் நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். அதையும் வீட்டு மெஷினில் போட வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து வரும் மாற்றத்துக்கு மட்டும்தான் அது பழையதைப் பிடித்துவைக்கும். இரண்டிலும் போட்டுவிடுங்கள்.

கணக்கு எழுத டாலி மென்பொருள் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் கவனமாகக் கேளுங்கள், இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். டாலியின் டேட்டா ஃபோல்டரை நேராக சின்க்கில் விடாதீர்கள். அதில் பல ஃபைல்கள் ஒன்றையொன்று நம்பி நிற்கும், டாலி திறந்திருக்கும்போது பாதி புதியது பாதி பழையது என்று போய்ச் சேர்ந்தால் டாலியில் உங்கள் கம்பெனிக் கணக்கு திறக்காமலே போகலாம். டாலியிலேயே பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்பை மட்டும் சின்க் ஃபோல்டரில் போடுங்கள்.

இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினால்தான் எதுவும் நகரும். நம் பக்கம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்டு போகிறது, கரண்டு வந்தாலும் நெட் வருவதில்லை, புகார் சொன்னால் ஒரு எண் கொடுத்து முடித்துவிடுகிறார்கள், மாதப் பணம் மட்டும் தேதி தவறாமல் கேட்கிறார்கள். அதனால் வாரம் ஒருமுறை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றி, வீட்டு பீரோவில் வையுங்கள். கடையில் வேண்டாம், உப்புக் காற்று அதைத் தின்றுவிடும்.